கால் கழுவும் கல்

எங்கள் வயலிலிருந்து யாரும் சேற்றுக் காலோடு வெளியே வரக்கூடாது. கல்யாணமாகி வந்த புதிதில் இதைச் சுத்தம் என்று நினைத்து மாமனாரை மனதுக்குள் பாராட்டியிருக்கிறேன். வாய்க்கால் மடைக்கு உள்புறம் ஒரு பட்டைக் கல் கிடக்கும். நடவு ஆட்களானாலும் களை எடுக்கிறவர்களானாலும் வீட்டு ஆட்களானாலும், அந்தக் கல்லில் நின்று வயல் தண்ணீரிலேயே காலைக் கழுவிவிட்டுத்தான் வரப்பேற வேண்டும். கையெட்டும் தூரத்தில் வாய்க்காலில் தெளிந்த தண்ணீர் ஓடும். அதில் கழுவினால் மாமனாருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கலங்கல் தண்ணீரில் கழுவி என்ன சுத்தம் என்று நான் கேட்டபோது என் கணவர் சிரித்தார். கால் சுத்தமாவதற்காக இல்லை, காலில் ஒட்டின சேறு வயலிலேயே இறங்கிவிட வேண்டும் என்பதற்காக என்றார்.

காலில் ஒட்டுகிற சேற்றுக்குக்கூடக் கணக்குப் பார்க்கும் வீட்டில் வந்து விழுந்திருக்கிறோமே என்று அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். நான் திருவிடைமருதூர்ப் பக்கத்துக்காரி. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் பக்கத்தில் யாரும் மண்ணைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. ஆடியில் ஆற்றில் வரும் முதல் தண்ணீர் குழம்பு மாதிரி கெட்டியாக வரும். அது வயலில் பாய்ந்து வடிந்தால் மேலே மெல்லிசாக வண்டல் படிந்திருக்கும். மண் தானாக வரும், நாம் சும்மா இருந்தால் போதும் என்று நினைத்து வளர்ந்தவர்கள் நாங்கள். புகுந்த வீடோ முத்துப்பேட்டைக்குத் தெற்கே, தண்ணீருக்கும் மண்ணுக்கும் பந்தியில் கடைசி இலை போட்ட மாதிரியான கடைமடை.

எங்கள் நிலம் இரண்டு துண்டு. மேல்துண்டு வாய்க்காலை ஒட்டி இருந்தது. கீழ்த்துண்டு அதற்குத் தெற்கே, சரிவில் இருந்தது. கீழ்த்துண்டின் எல்லையில் ஒரு பெரிய மண் கரை. வெளிக்கரை என்போம். அந்தக் கரைக்கு அப்பால் உமரிச் செடி சிவந்து கிடக்கும் உப்புச் சேறு, அதற்கப்பால் அலையாத்திக் காடு, காட்டுக்கப்பால் கடலோடு சேர்ந்த காயல். தண்ணீர் ஏறும்போது காட்டுக்குள் வந்து, இறங்கும்போது போய்விடும். கீழ்த்துண்டில்தான் எங்களுக்கு நல்ல சம்பா விளைந்தது. கடலுக்குப் பக்கத்திலேயே இப்படியொரு பச்சையா என்று வருகிறவர்கள் கேட்பார்கள். மாமனார் அப்போது கரையைப் பார்ப்பார். அவர் வாழ்நாளில் பெருமைப்பட்டது இரண்டே விஷயங்களுக்கு, அந்தக் கரையும் என் கணவரும். அதே வரிசையில்தான்.

ஒவ்வொரு சித்திரையிலும் வெளிக்கரைக்கு மண் போடுவார்கள். கரைக்குப் பின்னால் நிலம் உள்ள குடும்பங்கள் எல்லாம் ஆளுக்கு ஒரு பங்கு. அன்றைக்கு ஊரே ஒன்றாக நிற்கும், சாதி, கோயில், மசூதி என்ற பேச்சே இருக்காது. நாங்கள் பெண்கள் டீயும் சுண்டலும் கொண்டுபோவோம். ஈரச் சேற்றைத் துண்டு துண்டாக வெட்டிக் கைமாற்றி ஏற்றி, பலகையால் தட்டி மெழுகுவார்கள். வெட்டுகிற மண் எல்லாம் கரைக்கு வெளிப்புறத்திலிருந்து, காட்டுப் பக்கத்திலிருந்து. உள்பக்கம் ஒரு மண்வெட்டி விழக்கூடாது. வயலில் பள்ளம் விழுந்தால் தண்ணீர் கட்டும், மேல்மண் போனால் விளைச்சல் போகும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். காடு சர்க்காருடையது. நம் ஊரில் சர்க்காருடையது என்றால் யாருடையதும் இல்லை என்று அர்த்தம். வெளியே கிடப்பது சேறு, உள்ளே இருப்பது மண் என்று நாங்கள் எல்லாரும் நம்பினோம். நானும் அதை ஒரு நாளும் யோசித்துப் பார்த்ததில்லை.

கரை வருடா வருடம் உயர்ந்தது. உயர்த்த வேண்டியும் இருந்தது. ஐப்பசி, கார்த்திகை அமாவாசைகளில் தண்ணீர் கரையில் விட்டுப்போகும் கறை முந்தைய வருடத்துக் கறைக்கு மேலே தெரிய ஆரம்பித்திருந்தது. அதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் மண் போட வேண்டும் என்றுதான் பேசிக்கொள்வார்கள். தண்ணீர் ஏன் ஏறுகிறது என்று யாரும் கேட்டு நான் கேட்டதில்லை. கடல் என்றால் அப்படித்தான் என்று விட்டுவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் பெண் வந்தாள். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிற பெண், முத்துப்பேட்டையில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். வெயிலில் கறுத்து, முழங்கால் வரை சேறோடு ஒரு மத்தியானம் எங்கள் வாசலில் வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டாள். தண்ணீரோடு சோறும் போட்டேன். அதன் பிறகு அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. காட்டுச் சேற்றில் அங்கங்கே நீளமான இரும்புக் கம்பிகளை ஆழமாக இறக்கியிருந்தாள். சேற்றின் மட்டம் கம்பியில் எந்த இடத்தில் நிற்கிறது என்று வந்து வந்து பார்ப்பாள். எங்கள் கரைக்கு நேர் எதிரேயும் ஒரு கம்பி இருந்தது. இந்தப் படிப்புக்கெல்லாம் வேலை கிடைக்குமா என்று என் கணவர் கேட்டபோது, கிடைக்காது என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் மீன் குழம்பு வாங்கிக்கொண்டாள்.

எனக்குப் புரியும்படி அவள்தான் சொன்னாள். அரிசி களைந்த தண்ணீரை அசைக்காமல் வைத்தால் அடியில் மாவு படியும் இல்லையா, காட்டுக்குள் நடப்பதும் அதுதான். தண்ணீர் கலங்கலாக உள்ளே வருகிறது. அலையாத்தியின் மூச்சு வேர்கள் சேற்றிலிருந்து ஆணி அடித்த மாதிரி நிமிர்ந்து நிற்கின்றன. அவற்றுக்கிடையில் வந்ததும் தண்ணீர் அடங்கிவிடுகிறது, சுமந்து வந்த மண்ணை அங்கேயே இறக்கிவிட்டுப் போகிறது. இலையும் வேரும் மட்கி அதோடு சேர்கின்றன. கடல் ஏற ஏறக் காட்டின் தரையும் இப்படித் துளித்துளியாக ஏறிக்கொண்டே இருக்கிறது. அதற்கு மேலும் முடியாத இடத்தில் காடு பின்வாங்கும். விதைகள் மிதந்து போய் மேட்டில் முளைக்கும், அடுத்த காடு அங்கே எழும்பும்.

யாரும் மண் சுமக்காமல், டீ கொண்டுபோகாமல் காடு தனக்குத் தானே கரை போட்டுக்கொள்கிறது என்று கேட்டபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. பின்வாங்க அதற்கு எங்கே இடம் இருக்கிறது என்று கேட்டேன். அவள் எங்கள் வெளிக்கரையைக் காட்டினாள். பிறகு, ஆற்றில் வரும் மண்ணும் குறைந்துவிட்டது, மேலே அத்தனை அணைகளில் வண்டல் நின்றுவிடுகிறது, வரும் கொஞ்ச மண்ணை வைத்துத்தான் இந்தக் காடு சமாளிக்கிறது என்றாள். ஆடியில் கெட்டியாக வந்த அந்தத் தண்ணீர் எனக்கு ஞாபகம் வந்தது. இப்போதெல்லாம் எங்கள் அம்மா வீட்டுப் பக்கம் முதல் தண்ணீரே தெளிந்துதான் வருகிறது.

அதற்கடுத்த சித்திரையில் கரை போட ஆள் கிடைக்கவில்லை. இளவட்டங்கள் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போயிருந்தார்கள். ஊர்க்காரர்கள் சேர்ந்து ஜேசிபி அமர்த்தினார்கள். மாமனாருக்கு அது திருவிழா. நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். மண்வெட்டி வருடக் கணக்கில் எடுத்த மண்ணை அந்த வண்டி ஒரு காலைக்குள் எடுத்தது. கரை ஆள் உயரத்துக்கு மேலே போனது. வெளிப்புறத்தில், கரையை ஒட்டியே, கரை நீளத்துக்கும் ஒரு அகழி விழுந்தது. அதில் உமரியும் போனது, காட்டின் முன்வரிசை மரங்களும் வேரோடு போயின. அப்பாடா, இனி என் பேரன் காலம் வரைக்கும் கவலை இல்லை என்றார் மாமனார்.

அந்தப் பெண் அடுத்த முறை வந்தபோது எங்கள் கரைக்கு எதிரே இருந்த கம்பி அகழியின் ஓரத்தில் அம்மணமாகச் சாய்ந்து நின்றது. சேறு போனதால் கம்பியின் பாதி வெளியே தெரிந்தது. அவள் கத்துவாள் என்று பயந்தேன். அவளோ அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். என் கணவரும் மாமனாரும் கரை மேல் நின்றிருந்தார்கள், நான் பின்னால் நின்றேன்.

"இந்தக் காடு ஏறிக்கிட்டுத்தான் இருந்துச்சு ஐயா. நீங்கதான் அதை இறக்கிட்டீங்க" என்றாள்.

மாமனார், வேறே எங்கேர்ந்தும்மா மண்ணு எடுக்கிறது, வயல்லேர்ந்தா என்று கேட்டார். அது கேலி இல்லை. அவருக்கு நிஜமாகவே வேறு இடம் தெரியவில்லை. சாப்பிடக் கூப்பிட்டேன், பசியில்லை என்று போய்விட்டாள்.

அகழி நிரம்பியது, வடியவில்லை. முன்பெல்லாம் தண்ணீர் ஏறினால் இறங்கும், மரம் மூச்சு விடும். இப்போது கரைக்கும் காட்டுக்கும் நடுவே தண்ணீர் கட்டியே நின்றது. மூச்சு வேர்கள் தலை முழுகிப்போயின. முதலில் இலை மஞ்சளானது, பிறகு உதிர்ந்தது. அடுத்த கோடைக்குள் அகழியை ஒட்டிய மரங்கள் வரிசையாக நின்றபடியே பட்டுப்போயின. பட்ட மரம் சேற்றைப் பிடிக்காது. அலை அதுவரை காட்டுக்குள்ளேயே அடங்கியது, இப்போது நேராகக் கரையில் வந்து மோத ஆரம்பித்தது. ராத்திரி அமைதியாக இருந்தால் வீட்டிலிருந்தே அந்தச் சத்தம் கேட்கும். எங்கள் கல்யாணத்தின்போது அந்தச் சத்தம் கிடையாது.

என் கணவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. கரையில் தனியாகப் போய் நின்றுவிட்டு வருவார். அந்தப் பெண் வந்தால் அவளிடம் ஏதாவது கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அப்பாவிடம் விஷயத்தைத் தொடங்கினார். வெளிக்கரை நிற்காது, அடியில் அகழி அரிக்கிறது. கரை போவதற்குள் நாமே கீழ்த்துண்டை விட்டுவிடலாம். இரண்டு துண்டுக்கும் நடுவே உள்ளே ஒரு கரை போட்டு, வெளிக்கரையை வெட்டிவிட்டால் தண்ணீர் கீழ்த்துண்டில் மெதுவாக வந்து போகும், மண் படியும், காடு அங்கே பின்வாங்கி வரும். காடு நின்றால் மேல்துண்டாவது மிஞ்சும் என்றார். இதையெல்லாம் சோற்றைப் பிசைந்தபடி, தலை நிமிராமல் சொன்னார்.

"பட்டா நிலத்தைக் கடலுக்குத் தூக்கிக் குடுக்கச் சொல்றியா?" என்றார் மாமனார்.

நானும் சும்மா இருக்கவில்லை. குடுக்கலேன்னா அது கேட்காமலே எடுத்துக்கும் மாமா என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்து, நான் கண்ணை மூடின பிறகு எது வேணும்னாலும் செய்துக்க என்று சொல்லிக் கையைக் கழுவினார். அந்த வார்த்தைக்குப் பிறகு எங்கள் வீட்டில் யாராலும் வாயைத் திறக்க முடியாது. எனக்கு மாமனார் மேல் கோபம் இல்லை. எல்லாம் தெரிந்தும் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாரே என் கணவர், அந்த மனிதர் மேல்தான் கோபம் வந்தது. ஒரு வாரம் அவருக்குக் காபி மட்டும் கொடுத்தேன், பேச்சு கொடுக்கவில்லை.

அந்த வருடம் சம்பா அருமையாக வந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். கார்த்திகையில் பயிர் கதிரை உள்ளே அடக்கிப் பொதி கட்டி நின்றது. மழை ஓய்ந்து நல்ல வெயில் அடித்த ஒரு அமாவாசை மத்தியானம், நான் கொடியில் போர்வைகளைக் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். காற்று இல்லை, வானத்தில் பொட்டு மேகம் இல்லை. தெற்கே யாரோ கூப்பிடுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் வெளிக்கரையில் எங்கள் பங்கு உட்கார்ந்துபோயிருந்தது. தண்ணீர் கரையைத் தாண்டி வரவில்லை. கரையே சரிந்து, தனக்காக வெட்டின அகழியிலேயே விழுந்துவிட்டது. அந்த வாய் வழியாக உப்புத் தண்ணீர் அவசரமே இல்லாமல் கீழ்த்துண்டுக்குள் வந்துகொண்டிருந்தது. பயிரின் நடுவே சின்னச் சின்ன மீன்கள் துள்ளின. என் கணவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் சேற்றை அள்ளி வைத்துக்கொண்டிருந்தார், வைக்க வைக்கக் கரைந்தது. வெயில் சுள்ளென்று அடித்தது.

புயலில் போயிருந்தால் நாலு பேர் வந்து பார்த்திருப்பார்கள். டிவியில் காட்டியிருப்பார்கள். மனு கொடுக்க மன்னார்குடி வரை போய்வந்த என் கணவரிடம், அன்றைக்குப் புயலும் இல்லை வெள்ளமும் இல்லையே, எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று கேட்டிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. வெயில் அடித்த நாளில் கடல் வீட்டுக்கு வந்தது என்றால் யார்தான் நம்புவார்கள்.

உப்பை அலசி விட நல்ல தண்ணீர் வேண்டும். மழை அதோடு நின்றுபோனது, வாய்க்காலில் தரை தெரிந்தது. பயிர் நுனியிலிருந்து வெளுத்துக்கொண்டே வந்தது. கதிர் வெளியே வந்தது, ஆனால் உள்ளே பாலில்லை. கிறிஸ்துமஸ் குடிலுக்கு எப்போதும் எங்கள் வயல் வைக்கோல்தான் கோயிலுக்குப் போகும். அந்த வருடம் வேறு ஊரிலிருந்து வாங்கி வந்தார்கள். மாமனார் தினமும் கைத்தடியோடு போய் மடையோரம் அந்தப் பட்டைக் கல்லில் உட்கார்ந்து கீழ்த்துண்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் நான் கூப்பிடப் போனபோது, மண்ணு முழுசா இருக்கும்மா, உப்புதான் ஏறிடுச்சு, ஒரு பிடி மண்ணுகூட நான் வெளியே விடலை என்றார். கையைப் பிடித்து எழுப்பி வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

புது வருடம் பிறந்து பொங்கலுக்கு முன்னால் அவர் போய்விட்டார். காய்ச்சல் என்றார்கள், நெஞ்சில் சளி என்றார்கள். கீழ்த்துண்டு போகாமலிருந்தால் இன்னும் சில வருடம் இருந்திருப்பார் என்பதுதான் என் எண்ணம்.

எங்கள் கல்லறைத் தோட்டம் கோயிலுக்குப் பின்னால், மணல் மேட்டில். அந்த வருடம் குழி வெட்டும்போதே இடுப்பளவில் தண்ணீர் ஊற ஆரம்பித்தது. உப்புத் தண்ணீர். வாளியால் இறைத்து இறைத்துக் கொட்டினார்கள், இறைக்க இறைக்க ஓரத்து மணல் சரிந்தது. சாமியார் ஜெபப் புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு காத்திருந்தார். பெட்டியை இறக்கினபோது அடியில் தண்ணீர் சலசலத்தது. அந்தச் சத்தத்தை நான் கேட்டிருக்க வேண்டாம். மணலை மட்டும் போட்டு மூடினால் நிற்காது, மேலே களிமண் போட்டுக் கெட்டிக்க வேண்டும் என்றார்கள். நாலு ஆட்கள் கூடையையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு வழக்கம்போலக் காட்டுப் பக்கம் நடந்தார்கள். யாரும் சொல்லவே வேண்டியதில்லை, மண் என்றால் அங்கேதான்.

"அங்க வெட்டாதீங்க" என்றார் என் கணவர். "எங்க மேல்துண்டுலேர்ந்து எடுங்க."

அவர்கள் நின்றார்கள். மாமனாரோடு சேர்ந்து கரை போட்டு வளர்ந்தவர்கள். அதில் வயதானவர் தயங்கித் தயங்கி, அப்பா இதுக்குச் சம்மதிக்க மாட்டாரேப்பா என்றார்.

"தெரியும்" என்றார் இவர்.

யாரும் நகரவில்லை. இவரே ஒருவர் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டு நடந்தார். மேல்துண்டில் அப்போது உளுந்து விதைக்க ஈரம் பார்த்து வைத்திருந்தோம். அந்த ஈரத்தில் முதல் வெட்டு விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. கோயிலில் நான் அழவில்லை, பெட்டி மூடும்போதும் அழவில்லை. அந்த வயலிலிருந்து முதல் கூடை மண் வரப்பைத் தாண்டி வெளியே போனபோதுதான் அழுதேன். மாமனார் உயிரோடு இருந்து அதைப் பார்த்திருந்தால் நிச்சயம் செத்திருப்பார். அந்த மண்ணைத்தான் நாங்கள் ஆளுக்கொரு பிடி எடுத்து அவர் மேல் போட்டோம்.

வந்த சித்திரையில் ஊர் மறுபடியும் வெளிக்கரைக்கு மண் போடக் கூடியது. என் கணவர் போகவில்லை. இரண்டு துண்டுக்கும் நடுவே உள்கரை போட ஆரம்பித்தார். அதற்கும் மண் வேண்டுமே. கீழ்த்துண்டு எப்படியும் போன நிலம், அங்கேயே வெட்டிக்கொள்ளுங்களேன் என்று நான்தான் சொன்னேன். இவர் ஒப்பவில்லை. அதை வெட்டினால் அகழி கதைதான், தண்ணீர் கட்டும், எதுவும் முளைக்காது, கீழ்த்துண்டின் மட்டம் ஒரு விரல்கூடக் குறையக்கூடாது என்றார். நல்லாயிருந்த மேல்துண்டின் மேல்மண்ணைச் சுரண்டிக் கரை போட்டார். விளைகிற வயலை வெட்டிக் கடலுக்குப் பாத்தி கட்டுகிறான் என்று ஊரில் சிரித்தார்கள். எதிரில் வந்தால் பேச்சை மாற்றினார்கள். பக்கத்து நிலத்துக்காரர்கள் அவரவர் பக்கக் கரையை எங்களுக்கு எதிராக உயர்த்திக்கொண்டார்கள், மண்ணைக் காட்டிலிருந்து எடுத்து. கரை முடிந்ததும் வெளிக்கரையின் உடைந்த வாயை இவர் இன்னும் அகலமாக வெட்டிவிட்டார். தண்ணீர் தாராளமாக வந்தது, தாராளமாக வடிந்தது.

முதல் வருடம் வெறும் சேறு. வீட்டைத் தாண்டிப் போக எனக்கு மனசே வராது. அடுத்த வருடம் உமரி வந்தது. அதற்கடுத்து, நடவு போட்ட அதே வரிசைகளுக்கு நடுவே அலையாத்தி விதைகள் தங்கி, இரண்டு இலை விட்டு நின்றன. நாங்கள் யாரும் நடவில்லை. நாற்று மாதிரிதான் இருந்தது, களை எடுக்கக் கை பரபரத்தது. மேல்துண்டில் விளைச்சல் பாதிதான். மேல்மண் போன வயல் வேறென்ன தரும். ஆனால் உப்பு இன்னும் ஏறவில்லை.

அந்தப் பெண் படிப்பை முடித்து வேறு ஊரில் வேலைக்குப் போய்விட்டாள். வேலை கிடைத்துவிட்டது, கிடைக்காது என்று அவள் அன்றைக்குச் சொன்னதுதான் பொய்யாகிப்போனது. இருந்தாலும் வருடத்துக்கு ஒரு முறையாவது வருகிறாள். சாய்ந்து கிடந்த கம்பியைப் பிடுங்கி எங்கள் கீழ்த்துண்டில் நட்டிருக்கிறாள். போன தடவை அதைப் பார்த்துவிட்டு வந்து கையலம்பி உட்கார்ந்தாள். இவர் எதிரே உட்கார்ந்து, ஏறுதா என்று கேட்டார்.

"ஏறுதுண்ணே. நல்லாத்தான் ஏறுது" என்றாள். தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "ஆனா தண்ணி அதைவிடக் கொஞ்சம் வேகமா ஏறுது" என்றாள்.

ஆற்றில் இன்னும் கொஞ்சம் மண் வந்தால் பிடித்துவிடும் என்று அவள் சொல்ல, ஆற்றை நினைத்து நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். சந்தோஷத்தில் சிரித்த சிரிப்பில்லை. இல்லையென்றால் என்ன ஆகும் என்று கேட்டேன். இன்னும் பின்வாங்கி வரும் என்றாள். பின்னால் இருப்பது மேல்துண்டு. அதற்குப் பின்னால் எங்கள் வீடு.

மாமனார் உட்கார்ந்திருந்த அந்தப் பட்டைக் கல்லை இவர் மடையோரத்திலிருந்து பெயர்த்துக்கொண்டுபோய் உள்கரைக்கு வெளிப்புறம், கீழ்த்துண்டுப் பக்கத்து அடிவாரத்தில் போட்டிருக்கிறார். எதற்கு அந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறீர்கள் என்று அன்று திட்டினேன். இப்போது தினமும் சாயங்காலம் மரங்களைப் பார்க்கப் போய்விட்டு வரும்போது கரையேறுவதற்கு முன்னால் அதில் நின்று, உப்புத் தண்ணீரிலேயே இரண்டு காலையும் கழுவுகிறார். விரலிடுக்கில் ஒட்டினதைக்கூடக் குனிந்து தேய்த்து அங்கேயே விடுகிறார். போட்ட வருடம் அந்தக் கல் எந்த அமாவாசைக்கும் முழுகியதில்லை. போன கார்த்திகை அமாவாசையன்று நான் இவரைத் தேடிப் போனபோது கல் கண்ணுக்குத் தெரியவில்லை, கெண்டைக்கால் அளவு தண்ணீரில் குத்துமதிப்பாக நின்று காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கல் மேல் சேறு படிகிறது, பார்த்தாயா என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நானும் இறங்கிக் காலால் தடவிப் பார்த்தேன். படிந்துதான் இருந்தது, நகக்கண் அளவுக்கு. பிறகு நானும் அவர் பக்கத்தில் நின்று காலைக் கழுவிவிட்டுக் கரையேறினேன்.